சுமை துறந்த செம்மல்: ஆசாரிய சாந்திசாகரர்

ஓரிக்கையிலும் காஞ்சியிலும் பட்டுத் தறியை நம்பி வாழ்வோர் துணியின் அருமையை நன்கறிவர். துணிக்கடையில் அமர்ந்து வணிகம் செய்த ஒருவர், பின்னாளில் ஓர் இழையும் மேனியில் தாங்காத மாமுனிவரானார். அவரே ஆசாரிய சாந்திசாகரர். தச தர்மங்களுள் ஒன்றாகிய ஆகிஞ்சன்யம், அஃதாவது எனதென்று ஒன்றும் கொள்ளாமை, அவர்தம் வாழ்வில் படிப்படியாக முற்றியது.

இன்றைய கர்நாடகத்தின் பெளகாவி மாவட்டத்துப் போஜ் என்னும் ஊரைச் சேர்ந்த பாட்டீல் குடியில் அவர் 1872-ஆம் ஆண்டு பிறந்தார். இயற்பெயர் சாத்கவுடா. துறவு நாட்டம் இளமையிலேயே அரும்பியும், பெற்றோர் வாழுங்காறும் இல்லிலிருந்து பணிவிடை புரிந்தார். உடல் வலிமை மிக்கவர். அவ்வூரருகே தூத்கங்கையும் வேத்கங்கையும் கூடுகின்றன. வெள்ளம் பெருகும் நாளில், வந்த முனிவரைத் தம் தோளில் சுமந்து அக்கரை சேர்ப்பாராம்.

பெற்றோர் மறைந்தபின், நாற்பது அகவை கடந்த நிலையில், சுல்லக விரதம் ஏற்றார். அப்போது எஞ்சியவை கோவணமும் மேலாடையும். கிர்நார் மலையில் மேலாடையையும் நீத்து ஐலகரானார். 1920-இல் யர்னாளில் முனி தீட்சை பெற்றபோது கோவணமும் அகன்றது. 1924-இல் சம்டோலியில் ஆசாரியப் பட்டம் அவரை வந்தடைந்தது.

அதன்பின் அவரிடம் இருந்தவை மூன்றே: மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம். மயில் தானே உதிர்த்த இறகாலாகிய பீலி, அமருமிடத்துச் சிற்றுயிரை ஊறின்றி விலக்குதற்கு. கமண்டல நீர் கைகால் தூய்மைக்கு. சாத்திரம் ஓதுதற்கு. உண்கலம் இல்லை, நின்றவாறு கையிலேந்தி, நாளில் ஒருபொழுதே உண்டார். பணமில்லை, பையுமில்லை. அந்நிலையிலேயே தென்னாட்டிலிருந்து சம்மேதசிகரம் வரையிலும், பின் தில்லிக்கும் கால்நடையாகவே சென்றார்.

தமக்கென எதனையும் சேர்க்காத அவர், பொதுச் செல்வம் அழியக் கண்டு வாளாவிருந்தாரல்லர். பழஞ்சுவடிகளில் இருந்த சட்கண்டாகமம் செல்லரித்து மறையுமோ எனக் கவன்று, அதனைச் செப்பேடுகளில் பொறிக்கச் செய்தார். இறுதியில் குந்தல்கிரியில் சல்லேகனை ஏற்று, உணவையும் விட்டு, 1955 செப்டம்பர் 18-ஆம் நாள் உடலையும் நீத்தார்.

இல்லறத்தார்க்கு இத்துணைத் துறவு விதிக்கப்படவில்லை. மிகுபொருள் விரும்பாமை என்னும் அணுவிரதம், உடைமைக்கு அளவொன்றைத் தாமே வகுத்துக்கொள்ளுமாறு மட்டுமே பணிக்கிறது. பெட்டகம் நிறையப் புடைவை அடுக்கியும், இருநாள் யாத்திரைக்கு நான்கு பை சுமந்தும் உழலும் நாம், ஒவ்வொன்றையும் எடுக்குங்கால் இஃது எதற்கு என வினவுதல் வேண்டும். ஆசாரியரின் மூன்று பொருள்களுக்கும் அவ்வினாவிற்கு விடை இருந்தது. நம் பைகளில் விடையில்லாதவற்றை இப்பருவத்தில் இறக்கி, இல்லாதார்க்கு ஈவோமாக.