நாடகத் தலைமையாசிரியர்

(பத்தாம் வகுப்பு மாணவி)

ஆண்டு விழா நெருங்கிவிட்டால் நம் பள்ளி மண்டபத்துக்குத் தனி உயிர் வந்துவிடும். மாலை மணி அடித்தபின் ஒரு மூலையில் நடனம், இன்னொரு மூலையில் சேர்ந்திசை, மேடையில் நாடக ஒத்திகை என்று ஒரே ஆரவாரம்! அரசனாக நிமிர்ந்து நிற்பவளும் நம் தோழிதான். கண் மையால் அவளுக்கு மீசை வரைபவளும் நம் தோழிதான்.

இவ்வாண்டு பத்தாம் வகுப்பினராகிய எங்களுக்குள் ஒரு வழக்கு எழுந்தது. அரசுத் தேர்வு எழுத வேண்டிய நாங்கள் நாடகத்தில் சேரலாமா, கூடாதா? நாடகத்தால் மதிப்பெண் கிடைக்குமா என்று ஒரு சாரார் கேட்டார்கள். இதுவே பள்ளியில் நமக்குக் கடைசி மேடையாக இருந்தாலும் இருக்கலாம் என்று மறு சாரார் வாதிட்டார்கள். வீட்டில் அனுமதி கிடைக்காமல் கண் கலங்கி நின்றவர்களும் உண்டு. எங்கள் வாக்குவாதத்தைக் கேட்டுக்கொண்டிருந்த தமிழாசிரியை ஒரு பெயரைக் கரும்பலகையில் எழுதினார். இவருடைய வாழ்க்கையைப் படித்துவிட்டு வாருங்கள், பிறகு பேசுவோம் என்று கூறிவிட்டுச் சென்றார். அந்தப் பெயர்தான் சங்கரதாஸ் சுவாமிகள். படித்தோம், வியந்தோம், சில இடங்களில் மனம் வருந்தவும் செய்தோம். நாங்கள் அறிந்ததை நீங்களும் அறிய வேண்டும் என்ற ஆவலால் இதனை எழுதுகிறோம்.

தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் சங்கரதாஸ் பிறந்தார். தந்தையார் தாமோதரனார் தமிழ் கற்றவர். இளமையில் தந்தையாரிடமே தமிழ் பயின்ற சங்கரதாஸ், பின்னர்ப் பழனி தண்டபாணி சுவாமிகளிடம் சென்று இலக்கண இலக்கியங்களைக் கற்றார். வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாடலும் அவர் நாவில் தாமாக வந்து அமர்ந்தன. ஆனால் வயிற்றுப் பிழைப்புக்குப் பாட்டு உதவுமா? தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலை ஒன்றில் கணக்கு எழுதும் வேலையில் அமர்ந்தார். வெள்ளை உப்பு மலைகளுக்கு நடுவே மூட்டைக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாலும், அவர் உள்ளம் மேடையையே நாடியது.

இருபத்து நான்காம் வயதில் வேலையை உதறிவிட்டு நாடகக் குழுவில் சேர்ந்தார். அக்காலத்தில் இது எத்துணைத் துணிச்சலான செயல் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். நடிகர்களைக் கூத்தாடிகள் என்று இகழ்ந்த காலம் அது. இரவெல்லாம் அவர்கள் ஆட்டத்தைக் கண்டு களித்த ஊரார், விடிந்ததும் அவர்களை வீட்டுத் திண்ணையில் உட்காரவிடவும் தயங்கினார்கள். மாதச் சம்பளம் தந்த கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, அந்த இகழ்ச்சியைத் தாமாக ஏற்றுக்கொண்டவர் சங்கரதாஸ்.

உயர்ந்த உருவமும் கம்பீரமான குரலும் உடையவராதலால் இராவணன், இரணியன், எமன், சனீஸ்வரன் போன்ற வேடங்கள் அவருக்கே அளிக்கப்பட்டன. அவர் நடிப்பின் வேகத்தைக் கண்டு மக்கள் நடுங்கினார்கள். அந்த நடிப்பே அவர் வாழ்க்கையைத் திசை திருப்பியது. ஒருநாள் சனீஸ்வரன் வேடத்தில் இரவு முழுதும் நடித்துவிட்டு, விடியற்காலையில் வேடம் கலைக்க ஆற்றுக்குச் சென்றார். மங்கிய வெளிச்சத்தில் அவரைக் கண்ட ஒரு கர்ப்பிணிப் பெண் அஞ்சி விழுந்து உயிர் துறந்தாள் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். அவர் எமனாகத் தோன்றியபோதும் இதுபோன்ற துன்பம் ஒன்று நேர்ந்ததாகச் சொல்வர். கைதட்டலைப் பெருமையாகக் கொள்ளும் உள்ளமாயிருந்தால் இதனையும் தன் திறமைக்குச் சான்றாக எண்ணியிருக்கும். சங்கரதாஸின் உள்ளமோ துடித்தது. வேடம் புனைவதை அன்றே வெறுத்தார். துறவி போல ஊர் ஊராகச் சுற்றித் திருத்தலங்களை வழிபட்டார். அதுமுதல் மக்கள் அவரைச் சுவாமிகள் என்றே அழைக்கலாயினர். கடைசிவரை அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

இவ்வாறு அலைந்தவரைப் புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளை அன்போடு ஏற்று, மகனைப்போல் பேணினார். அங்கே சுவாமிகள் தாள நுட்பங்களைக் கற்றுத் தெளிந்தார். நண்பர்கள் வற்புறுத்தியதன் பேரில் மீண்டும் நாடக உலகிற்குத் திரும்பினார். ஆனால் இம்முறை வேடதாரியாக அல்ல. எழுதித் தரும் புலவராகவும் சொல்லித் தரும் ஆசிரியராகவும் திரும்பினார்.

அக்கால நாடகத்தின் நிலையைத் தெரிந்துகொண்டால்தான் சுவாமிகளின் தொண்டு விளங்கும். அன்று பாட்டுகள் மட்டும் ஏறக்குறைய ஒழுங்காக இருக்கும். இடையில் வரும் பேச்சை அவரவர் வாய்க்கு வந்தபடி பேசுவார்கள். கதை ஒரு பக்கம் போக, நடிகரின் வீம்பு ஒரு பக்கம் போகும். கொச்சைப் பேச்சுக்கும் குறைவில்லை. சுவாமிகள் நாடகம் முழுவதையும், பாட்டும் வசனமும் ஆக, எழுத்தில் வடித்துத் தந்தார். யார் எங்கே என்ன பேசவேண்டும் என்பதற்கு வரம்பு கட்டினார். அவர் எழுதிய நாடகங்கள் அறுபதுக்கும் மேற்பட்டவை என்பர். வள்ளி திருமணம், கோவலன், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள், பிரகலாதன், இலவகுசா ஆகியவை அவற்றுள் சில. நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஞானசௌந்தரியின் கதையையும் அவர் நாடகமாக்கினார் என்பது எங்களுக்கு இன்ப வியப்பாக இருந்தது. மாற்றாந்தாயின் கொடுமையால் கைகளை இழந்து, தேவமாதாவின் அருளால் அவற்றைத் திரும்பப் பெற்ற அந்தப் பெண்ணின் கதைக்குச் சைவத் தமிழில் ஊறிய இப்புலவர் இசையும் சொல்லும் தந்தார். நல்ல கதைக்கு வேலி இல்லை என்பதை இதனால் உணர்ந்தோம்.

சுவாமிகள் என்னதான் ஒழுங்காக எழுதிக் கொடுத்தாலும், பெரிய நடிகர்கள் கட்டுப்பட மறுத்தார்கள். நேரத்துக்கு வரமாட்டார்கள், பாடத்தை மனப்பாடம் செய்யமாட்டார்கள், சிலர் குடித்துவிட்டும் வருவார்கள். முற்றிய மரத்தை வளைக்க முடியாது என்று கண்ட சுவாமிகள் இளங்கன்றுகளை நாடினார். 1918ஆம் ஆண்டில் மதுரையில் சிறுவர்களைக் கொண்ட நாடக சபை ஒன்றை உருவாக்கினார். தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்பது அதன் பெயர். அங்கே சிறுவர்கள் குருகுலத்தில் வாழ்வதுபோல வாழ்ந்தார்கள். உண்பதும் உறங்குவதும் படிப்பதும் ஒரே கூரையின்கீழ். தமிழும் இசையும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டன. உச்சரிப்பில் பிழை வந்தால் சுவாமிகள் பொறுக்கமாட்டார். நீதி நூல்களின் கருத்துகளை உரையாடலில் அமைத்துத் தந்தமையால், வேடம் போட்ட சிறுவன் தன்னை அறியாமலே நீதியும் கற்றான்.

அச்சபையில் தந்தையாருடன் வந்து சேர்ந்த உடன்பிறந்தார்தாம் பிற்காலத்தில் டி.கே.எஸ். சகோதரர்கள் என்று புகழ்பெற்றவர்கள். அவர்களுள் மூன்றாமவர் சண்முகம். சபையில் சேர்ந்தபோது அவருக்கு வயது ஆறுதான்! அச்சிறுவனின் திறமையைக் கண்டு மகிழ்ந்த சுவாமிகள், அவன் நடிப்பதற்கென்றே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தை எழுதினார். ஓர் இரவில் விளக்கை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தவர், விடிவதற்குள் பாட்டும் வசனமுமாக முழு நாடகத்தையும் முடித்துவிட்டாராம். இச்செய்தியைச் சண்முகமே பிற்காலத்தில் நன்றியோடு எழுதி வைத்திருக்கிறார். அறுபதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதிய ஒரு பெரும்புலவர், ஒரு சின்னஞ்சிறு பையனுக்காக ஓர் இரவு உறங்காமல் இருந்தார்! இளங்கலைஞரை ஆதரிப்பது என்றால் இதுவன்றோ ஆதரவு?

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை இனிமை மட்டும் நிறைந்ததன்று. நம் தம்பிமாரின் வயதுடைய பிள்ளைகள் தாயைப் பிரிந்து, பள்ளிக்கூடத்தைப் பிரிந்து, ஊர் ஊராகப் பெட்டி தூக்கினார்கள். வறுமையின் காரணமாகவே பல பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். கண்டிப்பும் அடியும் அக்காலக் கம்பெனிகளில் சாதாரணம். தேர்வா, நாடகமா என்று நாம் வழக்காடுகிறோமே, அந்தச் சிறுவர்களுக்கு அப்படி வழக்காடும் உரிமைகூட இல்லை. மேலும், அச்சபையில் பெண் குழந்தைகளுக்கு இடமில்லை. சாவித்திரியும் வள்ளியும் சேலை கட்டிய சிறுவர்களே. இன்று நம் மேடையில் மீசை வரைந்துகொண்டு நாம் ஆண் வேடம் போடுவதை எண்ணியபோது எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, சிந்தனையும் வந்தது. ஆயினும் அவர் எழுதிய நாடகங்கள் பெண்களுக்கும் புகழ் தந்தன. வள்ளி வேடத்தில் பாடி நாட்டையே உருக்கிய கே. பி. சுந்தராம்பாள் 1958ஆம் ஆண்டில் சென்னை மாநில மேலவை உறுப்பினரானார். கூத்தாடி என்று இகழப்பட்ட இனம் சட்டம் செய்யும் அவைக்குள் நுழைந்தது!

எல்லோருக்கும் சொல் தந்த சுவாமிகளுக்கு இறுதிக் காலத்தில் கடுஞ்சோதனை நேர்ந்தது. பக்கவாதம் தாக்கியது. எழுதிய கை முடங்கியது. பாடிய நா பேச்சிழந்தது. அந்நிலையிலும் அவர் தம் பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை. சபை சென்ற ஊர்களுக்கெல்லாம் உடன் சென்றார். சுவாமிகள் பேச முடியாமல் அமர்ந்திருக்க, அவர் எழுதிய சொற்களைச் சிறுவர்கள் மேடையில் முழங்கினார்கள். இக்காட்சியை நினைக்கும்போதெல்லாம் எங்கள் கண்கள் நிறைகின்றன. 1922ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 55.

விதை மண்ணுக்குள் மறைந்தாலும் விளைச்சல் மறையவில்லை. சண்முகமும் சகோதரர்களும் 1925ஆம் ஆண்டில் சொந்தமாகச் சபை தொடங்கினார்கள். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன், எஸ். எஸ். இராஜேந்திரன் போன்றோர் அச்சபையில் பயின்றவர்களே. பேசும் படம் வந்த புதிதில் தமிழ்த் திரையுலகம் கதை தேடிச் சென்றது இந்த மேடைகளையே. 1934ஆம் ஆண்டில் வெளிவந்த பவளக்கொடி திரைப்படம் எம். கே. தியாகராஜ பாகவதரைத் திரைக்கு அறிமுகம் செய்தது. பாய்ஸ் கம்பெனி மரபில் வந்த நவாப் இராஜமாணிக்கம் இயேசுநாதரின் வரலாற்றையே மேடையேற்றிப் புகழ் பெற்றார். மதுரையிலும் புதுக்கோட்டை வட்டாரத்திலும் திருவிழா நாட்களில் இன்றும் வள்ளி திருமணம் விடிய விடிய நடக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சுவாமிகளின் பெயரையே தாங்கி நிற்கிறது. அங்கே இளைஞர்களோடு இளம்பெண்களும் நாடகம் பயில்கிறார்கள் என்பது நமக்குப் பெருமை அன்றோ? சிறுவர்களுக்குப் பாடம் சொன்ன அவரைத் தமிழுலகம் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றுகிறது.

எங்கள் வழக்கு என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? தமிழாசிரியை வந்ததும் தலை குனிந்து ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டோம். அதுவரை நடந்த ஒத்திகைகளில் வசனம் மறந்தபோதெல்லாம் வாய்க்கு வந்ததைப் பேசிச் சிரித்தவர்கள் நாங்கள். எந்தக் குறையை நீக்க ஒரு மனிதர் தம் வாழ்நாளையே செலவிட்டாரோ, அதே குறையை அல்லவா செய்துகொண்டிருந்தோம்! மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் ஒத்திகை என்றும், சோதனைத் தேர்வில் தவறியவருக்கு வேடம் இல்லை என்றும் நாங்களே விதி வகுத்துக்கொண்டோம். எந்த நாடகம் என்று கேட்டபோது, எல்லோரும் ஒரே குரலில் ஞானசௌந்தரி என்றோம். முதலில் அனுமதி மறுத்த பெற்றோருள் சிலர், விதியைக் கேட்டபின் மனம் மாறினார்கள். மாறாதவர்களின் மக்கள் மேடைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்க முன்வந்தார்கள். அவர்களைச் சிறியவர்களாக நாங்கள் எண்ணவில்லை. மேடைக்குப் பின்னால் இருந்தவர்தாமே சுவாமிகளும்!

அன்புத் தங்கையரே, அடுத்த ஆண்டு இம்மேடை உங்களுடையது. ஏதேனும் ஓர் ஆறு வயதுச் சிறுமி உங்கள் ஒத்திகையை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். நேரமாகிவிட்டது என்று அவளை விரட்டாதீர்கள். உள்ளே அழைத்து, ஒரு வரியேனும் கொடுத்துப் பேசச் செய்யுங்கள். அந்த ஒரு வரியே நாம் சுவாமிகளுக்குச் செலுத்தும் நன்றியாகும்.