உழவர் வாசல் தேடிச் சென்ற பேராசிரியர்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (தாவரவியல்)

ஆயுத பூசை விடுமுறைக்கு நான் ஊருக்குச் சென்றிருந்தபோது, என் தந்தையார் கடலைக்கொல்லையிலிருந்து ஓர் இலையைப் பறித்து வந்து என் கையில் கொடுத்தார். இலை முழுதும் கரும்புள்ளிகள். தாவரவியல் படிக்கும் மகனுக்குத் தெரியாமலா போகும் என்று நம்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவர் மருந்துக் கடைக்குப் போய், கடைக்காரர் எடுத்துக் கொடுத்த புட்டியை வாங்கி வந்தார். மருந்து விற்பவரையே வைத்தியராகவும் நம்பவேண்டிய நிலை என் மனத்தை உறுத்தியது. அந்த உறுத்தலோடு கல்லூரிக்குத் திரும்பிய நான், நூலகத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தேன்.

கார்வர் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில், 1864-ஆம் ஆண்டையொட்டி, அடிமைத் தாயின் வயிற்றில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கையில் கொள்ளையர் தாயையும் சேயையும் கடத்திச் சென்றனர். குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது, தாய் திரும்பவேயில்லை. நோஞ்சானாக வளர்ந்த அச்சிறுவன் வாடிய செடிகளைத் தேற்றுவதில் வல்லவனாக இருந்ததால், அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியன் என்றே அழைத்தனர்.

கல்வி அவருக்கு எளிதில் கிட்டவில்லை. கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி இடம் தருவதாக எழுதிவிட்டு, அவர் கறுப்பர் என்று நேரில் கண்டதும் கதவை அடைத்தது. பிறர் துணிகளை வெளுத்துக் கொடுத்தே வயிற்றைக் கழுவி, 1894-இல் அயோவா வேளாண்மைக் கல்லூரியில் இளங்கலைப் பட்டமும் 1896-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். அவ்வாண்டே புக்கர் டி. வாஷிங்டனின் அழைப்பை ஏற்று, அலபாமாவிலுள்ள டஸ்கிகி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார்.

அங்கே அவர் கண்டதென்ன? ஆண்டுதோறும் பருத்தியே விதைத்துச் சத்திழந்த மண். கடனில் மூழ்கிய வாரக் குடியானவர்கள். அவர்களுக்கு விலை உயர்ந்த உரத்தைச் சொல்லிப் பயனில்லை என்பதைக் கார்வர் உணர்ந்தார். காட்டுச் சருகையும் சதுப்பு மண்ணையும் மட்கவைத்து இடச் சொன்னார். தட்டைப்பயறும் வேர்க்கடலையும் மாற்றிப் பயிரிடச் சொன்னார். இவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு ஏற்ற தழைச்சத்தாக மாற்றுகின்றன என்பதை நாம் வகுப்பில் படிக்கிறோம். அவரோ அதைச் சோதனை வயலில் விளைவித்தே காட்டினார்.

1898 முதல் அவர் வெளியிட்ட சிறு நூல்கள் நாற்பதுக்கும் மேல். விளைவிக்கும் முறையோடு சமைக்கும் முறையையும் எளிய நடையில் அவற்றில் எழுதினார். ஆனால் படிக்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் 1906-இல் வழி பிறந்தது. ஜெஸப் என்ற செல்வரின் பொருளுதவியால், கலப்பையும் விதையும் மற்றக் கருவிகளும் ஏற்றிய வண்டியொன்று கிராமங்களுக்குப் புறப்பட்டது. கல்லூரியே உழவர் வாசலுக்கு வந்துவிட்டது! அவ்வண்டியை நடத்தியவர் அவருடைய மாணவர் தாமஸ் கேம்ப்பெல்.

வேர்க்கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வரே என்று பலரும் எழுதுகின்றனர். அது உண்மையன்று, அவருக்கு முன்பே அது இருந்தது. அவருக்கு அந்தப் பொய்ப் புகழ் தேவையுமில்லை. கடலை பயிரிட்டவன் நட்டப்படக்கூடாதே என்று அதற்குப் பல பயன்களை ஆராய்ந்தார். 1916-இல் கடலையை உணவாக்கும் 105 வழிகளை அச்சிட்டு வழங்கினார். வாழ்நாள் சேமிப்பை ஆராய்ச்சிக்கே அளித்துவிட்டு, 1943 சனவரி 5-ஆம் நாள் மறைந்தார். டஸ்கிகியில் வாஷிங்டனின் கல்லறை அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இவரை உழவர்கள் ஏன் நம்பினர் என்று சிந்தித்தேன். அவர்களிடம் விற்பதற்கு அவரிடம் எதுவுமில்லை. தாமே விளைவித்துப் பார்த்ததைச் சொன்னார். அவர்கள் கையில் உள்ளதைக் கொண்டே செய்யக்கூடியதைச் சொன்னார்.

நோட்டுப் புத்தகத்தில் வைத்திருந்த அந்தக் கடலை இலையை எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோய், பூஞ்சணத்தால் வருவது என்று விளக்கினார். உதிர்ந்த இலைகளை அகற்றுவதும் அடுத்த பட்டத்தில் வேறு பயிர் வைப்பதும் நோயைக் குறைக்கும் என்றார். அன்று மாலையே தந்தையாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்துக் கொல்லைக்காரருக்கும் இதே நோய்தான் என்றும், அடுத்த முறை வரும்போது அவர் நிலத்தையும் பார்க்கவேண்டும் என்றும் சொன்னார். அதற்குள் நான் படிக்கவேண்டியது நிறைய இருக்கிறது.