என்ஜின் சூட்டை அடக்கிய மேதை
அனாதை விடுதியில் வளர்ந்த வில்ஹெல்ம் மேபாக்

லாரியின் முன்பக்கத்தில் சல்லடை போல ஒன்று இருக்கிறது. அதுதான் ரேடியேட்டர். அது இல்லாவிட்டால் லாரி சில மைல் கூடப் போகாது. என்ஜின் சூடேறி நின்றுவிடும். ரேடியேட்டருக்கு இன்றைய உருவம் கிடைக்க வழி செய்தவர் ஒரு ஜெர்மானியர். அவர் பெயர் வில்ஹெல்ம் மேபாக்.

தாயும் இல்லை, தந்தையும் இல்லை

மேபாக் 1846-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி ஹைல்பிரான் நகரில் பிறந்தார். அவருடைய தந்தை ஒரு தச்சர். மேபாக் சிறுவனாக இருந்தபோதே தாயும் இறந்தார், தந்தையும் இறந்தார்.

ராய்ட்லிங்கன் என்ற ஊரில் ஒரு தர்ம விடுதி இருந்தது. அங்கே மேபாக்கைச் சேர்த்தார்கள். விடுதியோடு ஒரு தொழிற்சாலையும் இருந்தது. சிறுவன் படம் வரைவதில் கெட்டிக்காரன். எந்திரத்தைப் பார்த்தால் அதை அப்படியே காகிதத்தில் வரைந்துவிடுவான்.

அந்தத் தொழிற்சாலைக்குத் தலைவராக வந்தார், காட்லீப் டெய்ம்லர். மேபாக்கின் திறமையை அவர் உடனே கண்டுகொண்டார். அன்று தொடங்கிய நட்பு டெய்ம்லர் சாகும்வரை நீடித்தது. டெய்ம்லர் எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும் மேபாக்கும் கூடப் போனார்.

1882-ல் இருவரும் கான்ஸ்டாட் என்ற ஊருக்கு வந்தார்கள். டெய்ம்லர் வீட்டுத் தோட்டத்தில் இருந்த சிறு கட்டிடம்தான் பட்டறை. அங்கே இரவு பகலாக உழைத்தார்கள். 1885-ல் சிறிய, வேகமான பெட்ரோல் என்ஜினைச் செய்து முடித்தார்கள். 1896-ல் டெய்ம்லர் கம்பெனி ஒரு லாரியைச் செய்து விற்றது. அதன் என்ஜின் 4 குதிரைச் சக்தி கொண்டது. 1,500 கிலோ பாரம் ஏற்றலாம்.

தண்ணீர்ப் பஞ்சம்

ஆனால் ஒரு தொல்லை தீரவில்லை. அதுதான் சூடு.

என்ஜினுக்குள் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சூடு முழுவதும் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுவதில்லை. ஒரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கு இரும்பில் ஏறுகிறது. அதைத் தணிக்கத் தண்ணீர் வேண்டும். அந்தக் காலத்து மோட்டார்களில் தண்ணீர் கொதித்து ஆவியாகப் போய்விடும். வழியில் கிணற்றைக் கண்டால் நிறுத்தி மறுபடியும் ஊற்ற வேண்டும்.

சக்தியைக் கூட்டினால் சூடும் கூடும். சூடு கூடினால் தண்ணீரும் கூட வேண்டும். தண்ணீரைச் சுமந்தால் வண்டி கனக்கும். இந்தச் சிக்கலை அவிழ்க்க மேபாக் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1889-ல் செய்த வண்டியில், வண்டிச் சட்டத்தின் இரும்புக் குழாய்களுக்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார்!

சாவும் வெற்றியும்

1900-ம் ஆண்டு மார்ச் மாதம் டெய்ம்லர் இறந்தார். அதே மாதத்தில் பிரான்சில் நீஸ் நகருக்கு அருகே மலைப்பாதைப் போட்டி நடந்தது. டெய்ம்லர் கம்பெனியின் வண்டி பாறையில் மோதியது. ஓட்டியவர் உயிர் இழந்தார். வண்டி உயரமாகவும் கனமாகவும் இருந்ததே குறை என்று பேசப்பட்டது.

நண்பரை இழந்த துயரத்தோடு மேபாக் புதிய வண்டியை வரைய உட்கார்ந்தார். எமில் ஜெலினெக் என்ற பணக்காரர் அதைக் கேட்டிருந்தார். தாழ்வான வண்டி, 35 குதிரைச் சக்தி என்ஜின். ஜெலினெக் தம் மகளின் பெயரையே வண்டிக்கு வைத்தார். அதுதான் மெர்சிடஸ்.

அந்த வண்டிக்காக மேபாக் தேன்கூடு ரேடியேட்டரைச் செய்தார். 8,070 சிறிய குழாய்களை அடுக்கிப் பற்றவைத்தார். குழாய்களுக்குள் காற்று புகுந்து போகும். குழாய்களைச் சுற்றிலும் உள்ள மெல்லிய இடுக்குகளில் தண்ணீர் ஓடும். பின்னால் ஒரு விசிறி சுழலும். இப்போது சுமார் 9 லிட்டர் தண்ணீரே போதும்! 1901 மார்ச் மாதம் நீஸ் நகரப் போட்டிகளில் மெர்சிடஸ் மற்ற வண்டிகளைத் தோற்கடித்தது.

காற்று புகுந்தால் ஆபத்து

மேபாக்கின் ரகசியம் என்ன? கொஞ்சம் தண்ணீர்; ஆனால் அது நிற்காமல் ஓட வேண்டும். இன்றைய லாரிக்கும் இதுவே விதி.

ரேடியேட்டருக்கு வெளியே வீசும் காற்று நண்பன். தண்ணீர்ப் பாதைக்குள் புகுந்த காற்று எதிரி. தண்ணீரை மாற்றும்போது அவசரமாக ஊற்றினால், என்ஜினின் மேட்டுப் பகுதியில் காற்று தங்கிவிடும். இதைத்தான் மெக்கானிக்குகள் ஏர் லாக் என்கிறார்கள். அந்த இடத்தில் தண்ணீர் படாது. இரும்பு மட்டும் காயும். சூடு காட்டும் முள் ஏறி ஏறி இறங்கும். கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் வெடித்துவிடும்.

இந்தக் காற்றை வெளியேற்றுவது கடினம் அல்ல. பொறுமைதான் வேண்டும். முதலில் என்ஜின் நன்றாக ஆற வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தில் அடிக்கும். ஆறிய பிறகு மூடியைத் திறந்து, மேலே உள்ள காற்றுத் திருகைத் தளர்த்த வேண்டும். கூலன்ட் கலந்த நீரை மெதுவாக ஊற்ற வேண்டும். திருகு வழியாக முதலில் குமிழி வரும். குமிழி நின்று நீர் ஒரே சீராக வந்ததும் திருகை முடுக்க வேண்டும். பிறகு என்ஜினை ஓடவிட்டு, நிறுத்தி, ஆறவிட்டு, குறைந்த அளவை மறுபடியும் நிரப்ப வேண்டும். திருகு இருக்கும் இடம் லாரிக்கு லாரி மாறும். தானாகவே காற்றை வெளியேற்றும் லாரிகளும் உண்டு.

கடைசி நாட்கள்

மேபாக் 1907-ல் டெய்ம்லர் கம்பெனியை விட்டு விலகினார். 1909-ல் மகன் கார்லுடன் சேர்ந்து ஆகாயக் கப்பல்களுக்கு என்ஜின் செய்யும் தொழிலுக்கு அடிகோலினார். 1929-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி, 83-வது வயதில் காலமானார். டெய்ம்லர் அடக்கமான அதே கான்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில் அவரையும் அடக்கம் செய்தார்கள்.

தாய், தந்தை இல்லாத சிறுவன் ஒருவன் கற்ற கைத்தொழில், உலகம் முழுவதும் வண்டிகளை ஓட வைத்தது. அவர் பல ஆண்டுகள் பாடுபட்டு அடக்கிய சூட்டை, அரை மணி நேர அவசரத்தால் ஏற்றிவிடக் கூடாது.