அன்னா மாணி (1918 - 2001)

மாணவர்களே, எழுவைதீவில் கடலுக்குப் புறப்படும் முன் பெரியவர்கள் வானொலியில் காலநிலை அறிவித்தலைக் கேட்பதை நீங்கள் அறிவீர்கள். இன்று அந்த அறிவித்தலுக்குப் பெரிதும் உதவுவது செய்மதி. ஆனால் பல நூறு கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் செய்மதி காற்றைத் தொட்டுப் பார்ப்பதில்லை. கீழிருந்து வரும் ஒளியையும் வெப்பக் கதிர்ப்பையும் அளந்து, அவற்றிலிருந்தே வளியின் வெப்பநிலை, ஈரப்பதன், ஓசோன் அளவு முதலியன கணிக்கப்படுகின்றன. கணிப்புச் சரியா என்பதைத் தரையிலும் பலூனிலும் உள்ள கருவிகளோடு ஒப்பிட்டே அறியலாம். அந்தக் கருவியே பிழையாக இருந்தால்? அத்தகைய கருவிகளைத் திருத்தமாக அமைப்பதிலேயே தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் அன்னா மாணி.

இவர் 1918 ஓகஸ்ட் 23 ஆம் திகதி திருவிதாங்கூரைச் சேர்ந்த பீர்மேட்டில் பிறந்தார். எட்டாவது பிறந்தநாளில் வைரத் தோடுகளை வேண்டாமென்று சொல்லிக் கலைக்களஞ்சியம் கேட்டவர் இவர். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939 இல் பட்டம் பெற்று, பெங்களூரில் சேர் சி. வி. இராமனின் ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். அங்கே ஆராய்ந்தது, வேடிக்கையாக, வைரங்களைத்தான்! ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டும், முதுமாணிப் பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் இவருக்குக் கலாநிதிப் பட்டத்தை மறுத்தது.

1945 இல் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்றார். பௌதிகவியல் கற்க விரும்பினார். கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. 1948 இல் நாடு திரும்பி, புனேயில் இந்திய வானிலைத் துறையில் இணைந்தார். 1953 இல் 121 ஆண்கள் பணியாற்றிய கருவிப் பிரிவுக்குத் தலைவரானார். ஏறக்குறைய 100 கருவிகளின் வரைபடங்கள் இவரால் நியமப்படுத்தப்பட்டன. ஒரு நிலையத்தின் வெப்பமானி ஒரு பாகை கூட்டிக் காட்டினால், அயல் நிலையத்தோடு ஒப்பிடுவதே வீணாகிவிடும் அல்லவா? ஆகவே ஒவ்வொரு கருவியும் நியமக் கருவியோடு ஒப்பிடப்பட வேண்டும். இதுவே அளவுதிருத்தம். வினா வந்தால் இந்த உதாரணத்தையே எழுதலாம்.

1960 களில் பலூனில் மேலே சென்று ஓசோனை அளக்கும் கருவியை இவரது குழு உருவாக்கியது. பம்பி ஒன்று வளியைப் பொற்றாசியம் அயடைட்டுக் கரைசலினூடாகச் செலுத்தும். ஓசோன் தாக்கம் புரிய மின்னோட்டம் உண்டாகும். அது வானொலிச் சமிக்ஞையாகத் தரைக்கு வரும். இவ்வாறு பெற்ற மொத்த ஓசோன் அளவு, தரையிலுள்ள டொப்சன் கருவியின் அளவோடு ஒப்பிடப்படும்.

தரைக் கருவிகளின் அருமை 1985 இல் உலகுக்குப் புரிந்தது. அந்தாட்டிக்காவில் வசந்த காலத்தில் ஓசோன் வெகுவாகக் குறைவதைப் பிரித்தானிய விஞ்ஞானிகள் டொப்சன் கருவியால் கண்டனர். 1978 இல் ஏவப்பட்ட நிம்பஸ் 7 செய்மதியும் அதே குறைவை அளந்திருந்தது. எனினும், மிகக் குறைந்த பெறுமானங்களைக் கணினி நிரல் சந்தேகத்துக்குரியவை எனக் குறித்து வைத்திருந்தது. மீண்டும் ஆராய்ந்தபோதுதான் ஓசோன் துவாரத்தின் பரப்பு தெளிவானது.

மாணி 1976 இலேயே ஓய்வுபெற்றிருந்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. இந்தியாவில் விழும் சூரியக் கதிர்ப்புப் பற்றி 1980 இலும் 1981 இலும் இரு நூல்களை வெளியிட்டார். காற்றுச் சக்தி அளவீடுகளிலும் ஈடுபட்டார். எழுவைதீவில் அமைக்கப்பட்டது போன்ற காற்று, சூரிய மின் திட்டங்களுக்கு இத்தகைய அளவீடுகளே அடிப்படை.

1994 இல் பக்கவாதத்தால் பாதிக்கப்பட்டார். 2001 ஓகஸ்ட் 16 ஆம் திகதி, 83 ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், திருவனந்தபுரத்தில் காலமானார்.