முதியோர் மருத்துவத்தின் அன்னை

1935ஆம் ஆண்டில், இலண்டன் மாநகரின் மேற்கே ஐசில்வொர்த் என்னுமிடத்தில் இருந்த மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனை, தன் அருகிலிருந்த ஏழையர் விடுதியின் நோயாளர் பகுதியையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அங்கே 714 பேர் கிடந்தார்கள். கிடந்தார்கள் என்னும் சொல்லைத் தெரிந்தேதான் எழுதுகிறேன். பிள்ளைப்பேற்றிற்கு வந்தவர்களையும் மனநோயாளரையும் நீக்கிப் பார்த்தால், மற்றையோர் நாட்பட்ட பிணியாளர்; அவர்களுள் பெரும்பாலோர் முதியவர். உழைத்து ஓய்ந்து, கேட்பாரற்று, கட்டிலே உலகமாகிவிட்டவர்கள். உணவு உண்டு, துணி உண்டு, கூரை உண்டு. மருத்துவம் மட்டும் இல்லை. முதுமைக்கு மருந்தேது என்று உலகம் அன்று எண்ணியிருந்தது.

அத்தனை பேரையும் பார்க்கும் பொறுப்பு ஒரு பெண் மருத்துவரிடம் வந்து சேர்ந்தது. அவர்தாம் மார்ஜரி வாரன்.

மார்ஜரி அம்மையார் 1897இல் ஒரு வழக்கறிஞரின் மகளாகப் பிறந்தார். ஐந்து பெண்மக்களுள் அவரே மூத்தவர். பெண்கள் மருத்துவம் பயிலுவதே அரிதாக இருந்த நாளில் இலண்டனில் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பயின்று, 1923இல் பட்டம் பெற்றார். 1926இல் ஐசில்வொர்த்துக்கு வந்தார். அறுவை மருத்துவத்தில் அவருக்கு நாட்டம் மிகுதி. முதியோரைத் தேடி அவர் போகவில்லை. முதியோர்தாம் அவரிடம் வந்து சேர்ந்தனர். வேறொருவராயின் இந்தப் பொறுப்பைத் தலைவிதியென்று நொந்துகொண்டு, வாரம் ஒருமுறை வார்டைச் சுற்றிவந்து கையெழுத்திட்டுப் போயிருப்பார்.

நண்பர்களே! வாழ்க்கை வரலாறு எழுத எத்தனையோ பெரியோர் இருக்க, இவரை நான் ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். என் அன்னையார் தொம்மலூரில் ஒரு முதியோர் இல்லத்தில் பணிவிடை செய்பவர். (பெங்களூரில் நர்சிங் ஹோம் என்றால் சிறிய மருத்துவமனை, நான் சொல்வது முதியவர்கள் தங்கி வாழும் இல்லம்.) திருவண்ணாமலைப் பக்கத்து ஊரைவிட்டு நாங்கள் இங்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. அன்னையார் ஈட்டும் அந்தக் கூலியில்தான் நான் முதுகலையில் நுண்ணுயிரியல் படிக்கிறேன். அவர் இரவில் வந்து சொல்லும் செய்திகளும், மார்ஜரி அம்மையார் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் கண்ட செய்திகளும் ஒன்றுபோலவே இருப்பது எனக்குப் பெரும் வியப்பு.

மார்ஜரி அம்மையார் முதலில் செய்த காரியம் மிக எளியது. ஒவ்வொருவரையும் முழுமையாகச் சோதித்தார். ஏன் இவர் நடக்கவில்லை? ஏன் சிறுநீரை அடக்க முடியவில்லை? ஏன் பேசுவதில்லை? ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று தேடினார். பின்னர் அவர்களை ஐந்து பிரிவினராக வகுத்தார். எழுந்து நடமாடக் கூடியவர், படுக்கையில் இருந்தாலும் சிறுநீர் மலத்தை அடக்கக் கூடியவர், அடக்க இயலாதவர், மனம் குழம்பியும் அமைதியாக இருப்பவர், தனியே வைத்துக் காக்கவேண்டிய அளவுக்கு அறிவு மங்கியவர். அதுவரை இவர்களெல்லாரும் ஒரே கூடத்தில், ஒரே மாதிரிக் கட்டிலில், ஒரே பெயரில் கிடந்தனர். யார் எழக்கூடியவர் என்று கண்டால்தானே எழுப்ப முடியும்?

அவர் கண்ட உண்மை இது. அங்கிருந்தவர்களுள் பலரை வீழ்த்தியது முதுமை அன்று, படுக்கையே. பக்கவாதத்தால் ஒரு கை, ஒரு கால் விழுந்தவரைப் படுக்கவைத்தனர். அசையாத மூட்டுகள் மடங்கி இறுகின. நல்ல காலும் வலிவிழந்தது. ஒரே பக்கம் அழுந்திய இடத்தில் குருதியோட்டம் நின்று புண்ணாயிற்று. நீர் குறைவாகக் குடித்து, அசையாமல் கிடந்ததால் மலம் கட்டியது. அது அழுத்த, சிறுநீர் கசிந்தது. கசிவதால் இவரை எழுப்பலாகாது என்று மீண்டும் படுக்கவைத்தனர். இப்படி ஒன்றிலிருந்து ஒன்றாக வினை வளர்ந்தது. 1947இல் ரிச்சர்டு ஆஷர் என்னும் மருத்துவர் படுக்கை ஓய்வின் தீங்குகளைப் பற்றி எழுதிய கட்டுரை மருத்துவ உலகில் பெரும்பெயர் பெற்றது. அம்மையாரோ அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கூடங்களில் இறங்கிவிட்டார்.

இருண்ட சுவர்களுக்கு வெளிர்நிறம் பூசினார். விளக்குகளைக் கூட்டினார். பற்றி நடக்கக் கைப்பிடிகள் அமைத்தார். செவிலியர், உடற்பயிற்சி மருத்துவர், சமூகப் பணியாளர் ஆகியோரை ஒரே குழுவாக்கினார். பக்கவாதக்காரரையும் கால் இழந்தவரையும் உட்காரவும், நிற்கவும், நடக்கவும் பழக்கினார். ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்கள் எழுந்தார்கள். பலர் வீடு திரும்பினார்கள். 714 படுக்கைகள் இருந்த இடத்தில் சுமார் 240 போதுமாயின! மீதி இடத்தை மற்ற நோயாளருக்குக் கொடுத்தார். புதிதாக ஓர் அதிசய மருந்தைக் கண்டுபிடித்து அவர் இதைச் சாதிக்கவில்லை என்பதை அறிவியல் மாணவனாகிய நான் சற்று வெட்கத்தோடு குறித்துக்கொள்கிறேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் மருந்தைப் பற்றியே பேசுகிறோம்.

1943இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழிலும், 1946இல் லான்செட் இதழிலும் தம் பட்டறிவைக் கட்டுரைகளாக எழுதினார். முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவு வேண்டும். அது ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இராமல் பொது மருத்துவமனைக்குள்ளேயே இருக்கவேண்டும். மாணவர் அங்கே பயிலவேண்டும் என்பன அவர் கோரிக்கைகள். பெருமருத்துவர் பலர் செவிசாய்க்கவில்லை. இதயத்தை அறுப்பவருக்குப் புகழ் உண்டு. கிழவரை நடக்கவைப்பவருக்கு என்ன புகழ்? ஆயினும் 1947இல் முதியோர் மருத்துவத்திற்கென ஒரு சங்கம் தோன்றியது. அதுவே 1959இல் பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம் என்று பெயர் மாறியது.

இனி, அன்னையார் சொன்ன ஒன்று. அவர் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர், இரண்டே நாளில் பிதற்றத் தொடங்கினார். மகளையே யாரென்று கேட்டார். வயதாகிவிட்டது, அப்படித்தான் என்றனர் பலர். அன்னையார் விடவில்லை. மாதக்கணக்கில் மங்கும் அறிவு வேறு. இரண்டு நாளில் கலங்கும் அறிவு வேறு. முன்னது அறிவுத் தேய்வாக இருக்கலாம். பின்னது உடலில் எங்கோ ஒரு நோய் புகுந்துள்ளது என்பதற்கு அடையாளம். நுரையீரலில் சளிக்காய்ச்சலா, சிறுநீர்த் தொற்றா, நீர் வற்றியதா, மலச்சிக்கலா, புதிதாகக் கொடுத்த தூக்க மாத்திரையா என்று தேடவேண்டும். முதியவருக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் இருக்கலாம். தாகமும் வயதோடு குறையும்; ஆதலால் கேட்டால் தருவோம் என்று இராமல் நாமே நீர் கொடுக்கவேண்டும். மருத்துவர் வந்து பார்த்ததில் அந்தப் பாட்டிக்கு நுரையீரலில் நோய். மூன்றாம் வாரம் மகளைப் பேர் சொல்லி அழைத்தார்.

என் படிப்புத் தொடர்பாக இங்கே ஒன்று சொல்லலாம். முதியோர் இல்லங்களில் வாழ்வோர் பலரின் சிறுநீரில் எந்தத் துன்பமும் தராமல் பாக்டீரியா இருப்பதுண்டு. அதைக் கண்டவுடன் கொல்லிமருந்து கொடுப்பது தவறு. கிருமிகள்தாம் மருந்துக்குப் பழகும். உண்மையான காரணம் வேறிடத்தில் ஒளிந்திருக்கும்.

மார்ஜரி அம்மையார் தம் கடைசி ஆண்டுகளில் பல நாடுகளுக்குச் சென்று சொற்பொழிவாற்றினார். 1960இல் ஒரு மாநாட்டிற்குப் போகும் வழியில், ஜெர்மனியில் கார் விபத்திற்குள்ளாகி உயிர்நீத்தார். அகவை அறுபத்திரண்டு. முதியோருக்காகவே வாழ்ந்தவர் முதுமையைக் காணாமலே போனார்.

அவர் மூட்டிய விளக்கு நம் நாட்டிற்கு வர, அவர் மறைந்தபின் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வ. செ. நடராசன் முதியோருக்கென வெளிநோயாளர் பிரிவு தொடங்கினார். 1988இல் அங்கே தனி வார்டு வந்தது. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறைக்கு மேற்பட்டப்படிப்பே ஏற்பட்டது.

தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் கற்களில் பழைய தமிழ் எழுத்துகள் இருப்பதை நம் சங்கத்தார் அறிவர். சென்று கண்டு மகிழ்ந்தும் வந்துள்ளோம். அந்தக் கோயிலுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள இல்லத்தில் தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர் பதினொருவர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் நெஞ்சு கரிக்கிறது என்கிறார்; இன்னொருவர் கால் மதமதக்கிறது என்கிறார். வரும் மருத்துவருக்குக் கன்னடமும் ஆங்கிலமும் தெரியும். இந்தச் சொற்கள் தெரியா. கரிப்பதற்கும் வலிப்பதற்கும், மதமதப்பதற்கும் குடைவதற்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்ல அங்கே என் அன்னையார் ஒருவர்தாம் உண்டு. அவருக்கு ஞாயிறு விடுமுறை. மருத்துவர் வருவதோ ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. கடந்த மூன்று வாரமாக நான் போய் மொழிபெயர்க்கிறேன். தேர்வு மாதத்தில் என்னால் இயலாது. இரண்டு பேர் வேண்டும். சங்க அறையில் என்னைக் காணலாம்.