சூசையப்பரைப் பாடிய தைரியநாத சுவாமி



விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பத்திலுள்ள பெரியநாயகி மாதா கோயிலுக்கு நம் கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் போய் வருகிறவர்கள் அநேகர். தேர் பார்க்கிறோம், மெழுகுதிரி கொளுத்துகிறோம், நேர்ச்சை செலுத்துகிறோம். அந்தக் கோயிலைக் கட்டிய குருவானவர் யார் என்று பிள்ளைகள் கேட்டால், வீரமாமுனிவர் என்று பேர் சொல்லத் தெரியும். 1968-ம் ஆண்டில் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்ததையும் சிலர் சொல்லுவார்கள். அதற்கு மேல் கேட்டால் விழிப்போம்.

அவர் 1680-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி இத்தாலியா தேசத்திலே கஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். அர்ச். ஞானப்பிரகாசியார் பிறந்த ஊரும் அதுவே. பிள்ளைக்கு இட்ட பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசேப்பு. முதற்பேருக்கு நிலைபெயராதவன் என்று அர்த்தம்; அதையே நம் ஜனங்கள் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார்கள். இரண்டாம் பேர் சூசையப்பருடையது. இவ்விரண்டு பேரையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய சீவியம் முழுதும் இவற்றுக்குள் அடங்கும்.

1698-ல் சேசு சபையில் சேர்ந்தார். 1709-ல் குருப்பட்டம் பெற்றார். மதுரை மிசியோனுக்குத் தம்மை அனுப்பும்படி தாமே வேண்டிக்கொண்டார். பெரியவர்கள் உத்தரவு கொடுத்தார்கள். 1710-ல் லிஸ்போன் துறைமுகத்தில் கப்பல் ஏறினவர், சொந்த ஊரை மறுபடியும் பார்க்கவில்லை. அப்போது அவருக்கு இன்னும் முப்பது வயது நிறையவில்லை.

கேட்டது கிடைத்துவிட்டதே, இதில் கீழ்ப்படிதல் எங்கே என்று நினைப்பீர்கள். கேட்டது கிடைத்த பிறகுதான் அது ஆரம்பமாகிறது. இந்த நாட்டுக்கு வந்தவர் உடையை மாற்றினார், உணவை மாற்றினார், படித்த மனிதராயிருந்தும் சிறு பிள்ளையைப் போல அகரத்திலிருந்து தொடங்கினார். வந்து நாலைந்து வருஷத்துக்குள், குருக்கள்பட்டி என்ற இடத்தில் பிடிபட்டு மரணத் தீர்ப்பும் பெற்றார். எப்படியோ விடுதலையானார். அதன்பின்பாவது வேறு இடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அதே வேலைக்குத் திரும்பினார். சென்ற முறை எனக்கு மாற்றல் கடிதம் வந்தபோது ஒரு வாரம் யாரோடும் முகங்கொடுத்துப் பேசாமல் இருந்தவன் நான். ஆகையால் இதை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகவே இருக்கிறது.

அவர் பல்லக்கில் பட்டுடுத்திப் பரிவாரங்களோடு போனார், நவாப்பின் சபையில் திவானாக இருந்தார் என்றெல்லாம் சரித்திரம் எழுதினவர்கள் உண்டு. ஆராய்ந்தவர்களில் பலர் இவற்றைச் சந்தேகிக்கிறார்கள். எனக்கும் இக்கதைகளில் ருசியில்லை. அவர் மனதை அறிய வேண்டுமானால் அவர் பாடின காப்பியத்தைப் பார்க்க வேண்டும்.

1726-ல் முடிந்த தேம்பாவணி 3,615 பாட்டுக்கள் கொண்டது. தேம்பாத அணி, அதாவது வாடாத மாலை, என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள். இத்தனை பெரிய நூலுக்குக் கதாநாயகர் யார்? சம்மனசுகளல்ல, இராசாவுமல்ல. சுவிசேஷத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசாத அர்ச். சூசையப்பர்! வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள், அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் இல்லை. கன்னிமரியாளை ஏற்றுக்கொள் என்று கட்டளை வந்தது, ஏற்றுக்கொண்டார். எஜிப்துக்கு ஓடு என்று வந்தது, இராத்திரியிலே எழுந்து புறப்பட்டார். திரும்பி வா என்று வந்தது, வந்தார். ஏன் என்று கேட்டதாக எழுதியில்லை.

கட்டளைகள் மாறிக்கொண்டே இருந்தனவே, அப்படியானால் சர்வேசுரன் மனம் மாறுகிறவரா? ஞானோபதேச வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளைகள் இதைக் கேட்பதுண்டு. கடலூர்க் கடலோரத்து ஜனங்களுக்கு நான் பதில் சொல்லத் தேவையில்லை. இரவில் படகில் திரும்பும்போது கலங்கரை விளக்கம் ஒரு சமயம் வலப்பக்கம் தெரியும், ஒரு சமயம் இடப்பக்கம் தெரியும். விளக்கா நகருகிறது? திரும்புகிறது படகு. பிள்ளையை ஏரோதின் கையிலிருந்து காப்பாற்றவேண்டும் என்ற ஒரே சித்தந்தான் போ என்றும் சொல்லிற்று, வா என்றும் சொல்லிற்று. சூசையப்பருக்கு முழு வழியும் காட்டப்படவில்லை, அன்றன்றைக்கு வேண்டிய அடி மட்டும் காட்டப்பட்டது. நமக்கும் அப்படித்தான். முழு வழியும் தெரிந்தால்தான் எழுந்திருப்பேன் என்கிறவனுக்குச் சர்வேசுரன் பேரில் நம்பிக்கையில்லை, தன் கணக்கின் பேரில்தான் நம்பிக்கை.

தைரியநாத சுவாமி தமிழுக்குச் செய்ததைச் சிதம்பரத்தில் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகள் என்னைவிட நன்றாய்ச் சொல்லுவார்கள். 1732-ல் சதுரகராதி செய்தார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில் பெயர்த்தார். பழைய ஏடுகளில் குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றுபோலிருந்ததை மாற்றி, நெடிலுக்கு இரட்டைச் சுழிக் கொம்பு வகுத்தார். கெட்டவனையும் கேட்டவனையும் இன்று நாம் பிரித்து வாசிப்பது அவர் உபகாரம். ஆனால் இத்தனை கல்வியுள்ளவர் உபதேசிமாருக்காக வேதியர் ஒழுக்கம் என்று எளிய வசனத்திலே ஒரு புத்தகம் எழுதினாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். புலவர்களுக்கு எழுதத் தெரிந்தவர் உபதேசியாருக்கு எழுதக் குனிவது அபூர்வம்.

ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில், கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோயில் என்று அவர் தம் கையால் உண்டாக்கின இடங்களிலே முதுமையைக் கழிக்க ஆசைப்பட்டிருந்தால் யார் குறை சொல்வார்? அது அவருக்குக் கிடைக்கவில்லை. கடைசியில் தமிழ் வழங்காத மலையாள நாட்டிலே, அம்பழக்காட்டில், 1747-ம் ஆண்டு பெப்ருவரி 4-ந் தேதி மரித்தார். ஓரியூரில் அர்ச். அருளானந்தர் தலை கொடுத்ததும் 1693-ல் இதே தேதியில்தான்.

ஆகவே கோணான்குப்பத்துக்குப் போகிறவர்கள் அங்கே அவர் கல்லறையைத் தேட வேண்டாம். மாதா சுரூபத்துக்கு முன்பாக அவர் பேரைச் சொல்லி ஒரு பரலோக மந்திரம் சொல்லிவிட்டு வாருங்கள்.