சுபேதார் சுப்பிரமணியன்

நேரு, காமராஜர், அப்துல் கலாம் பற்றி நம்ம சுவர் இதழ்ல நிறைய பேர் எழுதுறாங்க. நான் ஒரு பட்டாளத்துக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துக்காரர். சொந்த ஊர் வாலாஜாபாத் ஒன்றியம் கீழ்ஒட்டிவாக்கம். ஒரகடம் கூட்ரோட்டில் இருந்து வாலாஜாபாத் ரோட்டைப் பிடித்துப் போனால் அந்தப் பக்கம்தான்.

சுப்பிரமணியன் 1912ஆம் வருஷம் பிறந்தார். அப்போ இது செங்கல்பட்டு ஜில்லா. கம்பெனியும் கிடையாது, ஷிப்ட் பஸ்ஸும் கிடையாது. இப்போ பீகார், ஒடிசாவில் இருந்து அண்ணன்கள் வேலை தேடி ஒரகடத்துக்கு வர்ற மாதிரி, அந்தக் காலத்தில் நம்ம ஊர் ஆட்கள் வெளியூர் போனார்கள். அவர் சேர்ந்தது மெட்ராஸ் சாப்பர்ஸ் படை. 1780ல் ஆரம்பித்த பழைய படை அது, தலைமையிடம் பெங்களூர். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடியைத் தேடி எடுப்பது இதெல்லாம் அவர்கள் வேலை. ராணுவத்தில் அவர்களுக்குச் செல்லப் பேர் 'தம்பி'. கேட்கவே நல்லா இருக்கு இல்ல? அந்தப் படையில் அவர் சுபேதார் பதவி வரை உயர்ந்தார்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. நம்ம நாடு அப்போ வெள்ளைக்காரன் கையில் இருந்தது. அப்படியும் சுமார் 25 லட்சம் இந்தியர்கள் பட்டாளத்தில் இருந்தார்கள். 87 ஆயிரம் பேருக்கு மேல் திரும்பி வரவில்லை. சுப்பிரமணியன் இருந்த 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனி இத்தாலிக்குப் போனது. அங்கே காசினோ மலையைப் பிடிக்க மாசக்கணக்கில் பயங்கர சண்டை நடந்தது.

1944 பிப்ரவரி 24. இடம் காசினோவுக்குப் பக்கத்தில் மின்யானோ. கண்ணிவெடி புதைத்த நிலத்துக்குள் சிலர் அடிபட்டுக் கிடந்தார்கள். அவர்களைத் தூக்கி வர வழி பண்ணணும். கருவியை வைத்துத் தரையைத் தடவித் தடவி ஒரு குழு உள்ளே போனது. அதில் சுப்பிரமணியனும் இருந்தார். அப்போது கூட வந்த ஒருவரின் கால் ஒரு கண்ணி மேல் பட்டுவிட்டது.

அந்த ரகக் கண்ணி மிதித்தவுடன் வெடிக்காது. சுமார் நாலு விநாடி ஆகும். அப்புறம் வெடித்து, இரும்புச் சில்லுகள் நாலாபக்கமும் பறக்கும். சுற்றி நிற்கிற யாரும் தப்ப முடியாது. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நீங்களும் எண்ணிப் பாருங்க. ஓடலாம், கீழே படுக்கலாம். இந்த வேலையே செய்கிறவர், அது எப்படி வெடிக்கும் என்று அவருக்கு நல்லாத் தெரியும். தெரிந்தும் அவர் அந்தக் கண்ணி மேலேயே விழுந்தார். வெடித்தது முழுக்க அவர் உடம்போடு போனது. கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். அவர் இறந்துவிட்டார்.

அதே வருஷம் ஜூன் 30ஆம் தேதி அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' விருது அறிவித்தார்கள். விக்டோரியா கிராஸ் எதிரிக்கு நேரே நின்று போராடுகிறவருக்கு. அங்கே எதிரே எதிரி யாரும் இல்லை, அதனால் இந்த விருது. இதுவும் அதே அளவு உயர்ந்ததுதான்.

வெள்ளைக்காரனுக்காகத்தானே செத்தார்னு சிலர் கேட்பாங்க. எனக்கு அது சரியாப் படல. அந்த நாலு விநாடியில் ராஜாவையா நினைச்சிருப்பார்? பக்கத்தில் நிற்கிறவங்களைத்தான் நினைச்சிருப்பார்.

அவர் உடல் ஊருக்கு வரவில்லை, இத்தாலியிலேயே முடிந்துவிட்டது. தினம் எத்தனையோ கம்பெனி பஸ் வாலாஜாபாத் ரோட்டில் போகுது, அதில் எத்தனை பேருக்கு இவர் பேர் தெரியும்? டிசம்பர் 7 கொடி நாளுக்கு நாம எல்லாரும் சட்டையில் கொடி குத்திக்கிறோம். அதே மாதிரி பிப்ரவரி 24 அன்று காலைப் பிரேயரில் செய்தி வாசிக்கிறவங்க, இவர் பேரையும் ஊரையும் ஒரு வரி சேர்த்துப் படிக்க ஐயாவும் டீச்சரும் அனுமதி தரணும்னு கேட்டுக்கறேன்.

- 9ஆம் வகுப்பு மாணவி